ஆப் அப்டேட் ஆயிடுச்சு, ஆனா வீட்டு சர்வர்? ஜெல்லிஃபின் பயன்படுத்துபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

தஞ்சாவூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர். மகன் சிங்கப்பூர் வேலைக்குப் போவதற்கு முன்னால் செட் பண்ணிக் கொடுத்தது. அக்கா கல்யாண வீடியோ, தாத்தாவின் சதாபிஷேகம், திருவையாறு ஆராதனையை அந்தக் காலத்தில் தூர்தர்ஷனில் இருந்து பதிவு பண்ணி வைத்த விஎச்எஸ் டேப்புகள் என எல்லாவற்றையும் டிஜிட்டலாக மாற்றி அதில் ஏற்றியாச்சு. அப்பா போனில் பார்ப்பார். மகன் சிங்கப்பூரில் இருந்து பார்ப்பார்.

ஒருநாள் காலையில் ஆப்பைத் திறந்தால் எதுவும் வரவில்லை. "தம்பி, போன்ல ராத்திரி ஏதோ அப்டேட் ஆயிருக்கு. இப்ப சர்வர் பழசுன்னு வருது. நான் ஒண்ணும் பண்ணலப்பா" என்கிறார் அப்பா. "அந்தப் பெட்டியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கப்பா" என்கிறார் மகன். ஆஃப் பண்ணி ஆன் பண்ணியும் தீரவில்லை.

டெல்டா மாவட்டங்களில் பிள்ளைகள் வெளிநாட்டிலும், பெற்றோர் ஊரிலும் இருக்கும் குடும்பங்கள் ஏராளம். இப்படி 'சொந்த ஓடிடி' வைத்திருக்கும் எந்த வீட்டிலும் இந்த நிலை வரலாம். காரணம் என்ன? எதை முதலில் அப்டேட் செய்ய வேண்டும்? அப்டேட் செய்யாமலே விட்டுவிட்டால் என்ன ஆகும்?

ஜெல்லிஃபின் என்றால் என்ன?

நெட்ஃபிளிக்ஸ் போன்ற திரையை உங்கள் வீட்டு வீடியோக்களுக்கு உருவாக்கித் தரும் மென்பொருள்தான் ஜெல்லிஃபின். படங்கள் இருப்பது உங்கள் வீட்டு ஹார்டு டிஸ்கில். அதைப் பரிமாறுவது உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர். மாத சந்தா கிடையாது, விளம்பரம் கிடையாது.

இதற்கு முன்பு 'எம்பி' என்ற மென்பொருள் இருந்தது. அதன் மூல நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், மாற்றலாம் என்று இருந்தது. 2018 டிசம்பரில் அந்தக் கதவு மூடப்பட்டது. உடனே சிலர், திறந்திருந்த கடைசி நிரலை எடுத்துத் தனியாக வளர்க்க ஆரம்பித்தார்கள். அதுதான் ஜெல்லிஃபின். இன்று வரை தன்னார்வலர்களே நடத்துகிறார்கள். தமிழ் உட்பட பல மொழிகளில் இதன் திரையை மொழிபெயர்த்திருப்பதும் தன்னார்வலர்கள்தான்.

பழைய டேப் வைத்திருப்பவர்களுக்கு இது ஏன் முக்கியம் என்றால், விசிஆர் தயாரித்து வந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய், 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. டேப் இருக்கும், ஓட்ட மெஷின் இருக்காது. டிஜிட்டலாக மாற்றி வைத்த அந்த ஃபைல்தான் பல வீடுகளில் மிச்சம் இருக்கும் ஒரே பிரதி.

ஆப் வேறு, சர்வர் வேறு

குழப்பம் தொடங்கும் இடமே இதுதான். ஜெல்லிஃபினில் இரண்டு பாகங்கள் இருக்கின்றன. ஒன்று, போனிலோ டிவியிலோ இருக்கும் ஆப். இன்னொன்று, வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடும் சர்வர்.

போனில் இருக்கும் ஆப்பை பிளே ஸ்டோர் தானாகவே அப்டேட் செய்துவிடும். நீங்கள் தூங்கும்போதே வேலை முடிந்துவிடும். ஆனால் வீட்டு மூலையில் இருக்கும் சர்வரை யார் அப்டேட் செய்வது? நெட்ஃபிளிக்ஸ் என்றால் அந்த நிறுவனம் பார்த்துக்கொள்ளும். இங்கே அந்த 'நிறுவனம்' நீங்கள்தான்.

டெல்டாக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். ஜூன் 12-ம் தேதி மேட்டூரில் தண்ணீர் திறந்துவிடுவார்கள். அது கல்லணைக்கும் வந்துவிடும். ஆனால் நம்ம ஊர் வாய்க்காலைத் தூர்வாராமல் வைத்திருந்தால் கடைமடைக்குத் தண்ணீர் வராது. ஆப் அப்டேட் என்பது மேலே இருந்து வரும் தண்ணீர். சர்வர் என்பது நம் வாய்க்கால்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. ஆண்ட்ராய்டு மொபைலுக்கான ஜெல்லிஃபின் ஆப்பில் நீங்கள் பார்க்கும் பக்கங்களில் பெரும்பாலானவை ஆப்புக்குள் இருப்பவை அல்ல. உங்கள் வீட்டு சர்வரில் இருந்து வருபவை. அதனால்தான் ஆப்பை எத்தனை முறை அப்டேட் செய்தாலும் சிலருக்குத் திரை அப்படியே இருக்கும். "புது வசதின்னு சொன்னாங்க, எனக்கு ஒண்ணையும் காணோமே" என்று தேடுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது சர்வரின் பதிப்பு எண்ணைத்தான்.

புதிய ஆப்கள் ஒரு கட்டத்துக்கு மேல் மிகப் பழைய சர்வர்களுடன் பேசுவதை நிறுத்திவிடும். தஞ்சாவூர் அப்பாவுக்கு நடந்தது இதுதான். ஆப் முன்னால் போய்விட்டது, சர்வர் பின்தங்கிவிட்டது.

அப்டேட் பண்ணாமலே விட்டால் என்ன?

"ஓடுற வரைக்கும் ஓடட்டும், எதுக்குத் தொடணும்?" என்பது பலரின் எண்ணம். அதற்குப் பதில் சொல்ல அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவம் போதும்.

கோடிக்கணக்கானோரின் பாஸ்வேர்டுகளைப் பாதுகாக்கும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில் 2022-ல் பெரிய திருட்டு நடந்தது. விசாரித்தபோது தெரிந்த விஷயம் அதிர்ச்சி அளித்தது. ஹேக்கர்கள் நுழைந்த வழி, நிறுவனத்தின் மூத்த பொறியாளர் ஒருவரின் வீட்டுக் கம்ப்யூட்டர். அதில் ஓடிக்கொண்டிருந்த பிளெக்ஸ் என்ற வீட்டு மீடியா சர்வர் மென்பொருளின் ஓட்டை வழியாக உள்ளே வந்து, அவர் டைப் செய்வதையெல்லாம் பதிவு செய்யும் நிரலை நிறுவியிருந்தார்கள். அந்த ஓட்டையை பிளெக்ஸ் 2020 மே மாதமே அடைத்து அப்டேட் கொடுத்துவிட்டது. அதற்குப் பிறகு சுமார் 75 பதிப்புகள் வந்துவிட்டதாகவும் அந்த நிறுவனம் சொன்னது. ஆனால் அந்த வீட்டில் யாரும் அப்டேட் செய்யவில்லை.

ஜெல்லிஃபினும் இதற்கு விதிவிலக்கு அல்ல. 2023 ஏப்ரலில் வந்த 10.8.10 பதிப்பு, ஒரு பெரிய பாதுகாப்பு ஓட்டையை அடைத்தது. அதற்கு முந்தைய பதிப்பில், சர்வரில் சாதாரண கணக்கு வைத்திருப்பவர்கூட சில வழிகளைச் சேர்த்துப் பயன்படுத்தி, அந்தக் கம்ப்யூட்டரில் தன் இஷ்டத்துக்கு நிரலை ஓட்ட முடியும் என்ற நிலை இருந்தது. 2023-க்கு முன்பு யாரோ செட் பண்ணிக் கொடுத்து, அதற்குப் பிறகு தொடாத சர்வர் உங்கள் வீட்டில் இருந்தால், அந்த ஓட்டை இன்னும் திறந்தே இருக்க வாய்ப்பு உண்டு.

இன்னொரு கோணமும் இருக்கிறது. வீட்டு சர்வராக மாறும் பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் விண்டோஸ் 10 இருக்கும். அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடித்துக்கொண்டது. ஆக, ஜெல்லிஃபினை மட்டும் புதுப்பித்துவிட்டு, அடியில் இருக்கும் விண்டோஸை அப்படியே விடுவது பாதி வேலைதான்.

கண்ணை மூடிக்கொண்டு அப்டேட் செய்யலாமா?

அதுவும் கூடாது. 2025 அக்டோபரில் வந்த 10.11 பதிப்பு இதற்கு நல்ல உதாரணம்.

இந்தப் பதிப்பில் ஜெல்லிஃபின் தன் தரவுத்தளத்தையே மாற்றி அமைத்தது. உங்களிடம் என்னென்ன வீடியோ இருக்கிறது, யார் எதுவரை பார்த்தார்கள், எந்தப் படத்துக்கு என்ன அட்டை என்ற கணக்குப் புத்தகம்தான் தரவுத்தளம். பழைய புத்தகத்தில் இருப்பதை எல்லாம் புதுப் புத்தகத்துக்கு மாற்றி எழுதும் வேலை, சர்வர் முதல் முறை திறக்கும்போது நடக்கும். சிறிய தொகுப்பு என்றால் சீக்கிரம் முடியும். பெரிய தொகுப்பு, பழைய கம்ப்யூட்டர் என்றால் மணிக்கணக்கில் ஆகலாம். அந்த நேரத்தில் சர்வர் செத்துப்போனது போலத் தோன்றும். பதறிப்போய் பவர் பட்டனை அமுக்கினால்தான் சிக்கல்.

இந்த இடத்தில் நம்ம ஊர் நிலவரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் பகல் முழுக்க மின்தடை அறிவிப்பது வழக்கம். மாற்றி எழுதும் வேலை பாதியில் இருக்கும்போது கரண்ட் போனால், அந்தக் கணக்குப் புத்தகம் பழுதாக வாய்ப்பு உண்டு. எனவே அப்டேட் செய்யும் நாள் மின்தடை நாளா என்று முதலில் பாருங்கள். இன்வெர்ட்டரோ யுபிஎஸ்ஸோ இருந்தால் அதில் இணைத்துவிட்டு ஆரம்பிப்பது நல்லது.

இன்னொரு முக்கியமான விஷயம், 10.11-க்குப் போய்விட்டால் அப்படியே பழைய பதிப்புக்குத் திரும்பி வர முடியாது. முன்கூட்டியே எடுத்து வைத்த பேக்கப் இருந்தால் மட்டுமே திரும்பலாம். மிகப் பழைய பதிப்பில் இருப்பவர்கள் நேராக 10.11-க்குத் தாவாமல், முதலில் 10.10.7-க்கு வந்து, எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த படி ஏறுவதுதான் பாதுகாப்பு.

டாக்கர் முறையில் நிறுவி, புதுப் பதிப்பு வந்தால் தானாக மாறும்படி வைத்திருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். இப்படிப்பட்ட பெரிய மாற்றம் அவர்களுக்குத் தெரியாமலே நடு ராத்திரியில் நடந்துவிடும்.

ஒரு ஆறுதல், இந்த மாற்றம் உங்கள் வீடியோ ஃபைல்களில் கை வைப்பதில்லை. கணக்குப் புத்தகம் போனாலும் கல்யாண வீடியோ ஹார்டு டிஸ்கில் அப்படியே இருக்கும்.

அப்படின்னா பேக்கப் எதுக்கு?

இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். 10.11-ல் ஜெல்லிஃபினுக்குள்ளேயே பேக்கப் எடுக்கும் வசதி வந்திருக்கிறது. அது கணக்குப் புத்தகத்தையும் அமைப்புகளையும்தான் எடுத்து வைக்கும். வீடியோக்களை எடுத்து வைக்காது. "பேக்கப் எடுத்தாச்சு" என்று நிம்மதியாக இருப்பவரின் ஹார்டு டிஸ்க் பழுதானால், கிடைப்பது வெறும் பட்டியல்தான்.

வீடியோக்களுக்குத் தனிப் பிரதி வேண்டும். அந்தப் பிரதி எங்கே இருக்க வேண்டும் என்பதையும் டெல்டாவுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒரே இரவில் புரட்டிப் போட்டது. ஓடு பறந்த வீடுகளில் பீரோவும் நனைந்தது, ஆல்பமும் நனைந்தது. தஞ்சாவூரில் ஒரு பிரதி, மன்னார்குடி சித்தப்பா வீட்டில் ஒரு பிரதி என்பது அப்படிப்பட்ட இரவில் போதாது. கோயம்புத்தூர் மாமா வீட்டுக்கு ஒரு ஹார்டு டிஸ்க் போய்ச் சேர வேண்டும்.

ஓலைச்சுவடிகள் காலத்திலும் இதே கதைதான். ஓலை பூச்சி அரிக்கும், உதிரும். உதிர்வதற்கு முன் யாராவது உட்கார்ந்து படி எடுத்தால் அந்த நூல் அடுத்த தலைமுறைக்குப் போகும். தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகம் போன்ற இடங்களில் நிறைந்திருக்கும் சுவடிகள் நம் கைக்கு வந்ததற்குப் பின்னால் இந்த உழைப்பு இருக்கிறது.

கூகுளின் புதிய விதி என்ன?

ஜெல்லிஃபின் ஆண்ட்ராய்டு ஆப் பிளே ஸ்டோரில் மட்டும் கிடைப்பதில்லை. திறந்த மூல ஆப்களுக்கான எஃப்-டிராய்டு தளத்திலும் கிடைக்கிறது. ஏபிகே ஃபைலாகவும் கிடைக்கிறது. பிளே ஸ்டோர் பதிப்பில் குரோம்காஸ்ட் வழியாக டிவிக்கு அனுப்பும் வசதி உண்டு. எஃப்-டிராய்டு பதிப்பில் கூகுளின் தனியுரிமை நிரல்கள் நீக்கப்பட்டிருப்பதால் அந்த வசதி இருக்காது. ஒரு இடத்தில் இருந்து நிறுவிய ஆப்பின் மேல் இன்னொரு இடத்தின் அப்டேட் ஏறாமல் போகலாம். டிஜிட்டல் கையொப்பம் வேறாக இருந்தால் போன் மறுத்துவிடும். அப்போது பழையதை நீக்கிவிட்டுத்தான் புதியதை நிறுவ வேண்டும். உங்கள் வீடியோக்கள் சர்வரில் இருப்பதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. மறுபடி லாகின் செய்தால் போதும்.

இந்த வழியில்தான் மாற்றம் வருகிறது. பிளே ஸ்டோருக்கு வெளியே ஆப் தருபவர்கள் உட்பட எல்லா டெவலப்பர்களும் தங்கள் அடையாளத்தைச் சரிபார்த்துப் பதிவு செய்ய வேண்டும் என்று கூகுள் 2025 ஆகஸ்டில் அறிவித்தது. அந்த அறிவிப்பின்படி 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளில் தொடங்கி, 2027 முதல் உலகம் முழுக்க விரிவாக்குவது திட்டம். முதல் பட்டியலில் இந்தியா இல்லை, சிங்கப்பூர் இருக்கிறது. அதாவது, நம் கதையில் அப்பாவுக்கு முன்னால் இந்த விதியைச் சந்திக்கப்போவது மகன்தான்.

போலி ஆப்களைத் தடுக்கத்தான் இந்த விதி என்கிறது கூகுள். அந்த வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. பிஎம் கிசான் பணம், டிராஃபிக் அபராதம், கல்யாணப் பத்திரிகை என்ற பெயர்களில் வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல் அனுப்பி வங்கிக் கணக்கைத் துடைத்த சம்பவங்கள் ஒன்றிரண்டு அல்ல.

ஆனால் இந்த விதி அப்படியே வந்தால் தங்கள் திட்டமே முடங்கிவிடும் என்று எஃப்-டிராய்டு எதிர்ப்புத் தெரிவித்தது. பெயர் சொல்லாமல் பங்களிக்கும் தன்னார்வலர்கள் பலர் இருக்கும் உலகம் அது. எதிர்ப்புக்குப் பிறகு, ஆபத்தை அறிந்தே நிறுவ விரும்பும் அனுபவசாலிகளுக்குத் தனி வழி தருவோம் என்று 2025 நவம்பரில் கூகுள் சொன்னது. ஜெல்லிஃபின் பிளே ஸ்டோரிலும் இருப்பதால் அதன் பயனர்களுக்கு உடனடிச் சிக்கல் இல்லை.

சாவி யார் கையில்?

இவ்வளவு தலைவலி எதற்கு, காசு கொடுத்து ஒரு சேவையை வாங்கிவிட்டால் என்ன என்று கேட்கலாம். அதற்கும் ஒரு விலை இருக்கிறது.

பிளெக்ஸில், வெளியூரில் இருந்தபடி வீட்டு சர்வரில் உள்ள உங்கள் சொந்த வீடியோவைப் பார்ப்பது முன்பு இலவசம். 2025 ஏப்ரல் 29 முதல் அதற்குச் சந்தா கட்ட வேண்டும். வாழ்நாள் சந்தாவும் 119.99 டாலரில் இருந்து 249.99 டாலராக உயர்ந்தது. சிங்கப்பூர் மகனுக்கு, தன் வீட்டு வீடியோவைப் பார்க்கவே கட்டணம்.

தமிழ்நாட்டுக்கும் இது புதிதல்ல. 2022 நவம்பரில் அரசு கேபிள் டிவியின் லட்சக்கணக்கான செட்டாப் பாக்ஸ்கள் திடீரென்று வேலை செய்யாமல் போனது நினைவிருக்கும். மென்பொருள் சேவை அளித்த தனியார் நிறுவனத்துடன் ஏற்பட்ட பிரச்சனைதான் காரணம் என்று அப்போது சொல்லப்பட்டது. பெட்டி வீட்டில் இருந்தது, கேபிள் வீட்டில் இருந்தது. சாவி வேறு யாரிடமோ இருந்தது.

ஜெல்லிஃபினில் சாவி உங்களிடமே இருக்கிறது. இன்டர்நெட் கட்டானாலும் வீட்டு வைஃபையில் படம் ஓடும். ஆனால் சாவி வைத்திருப்பவர்தான் கதவையும் பூட்ட வேண்டும். "உங்கள் சர்வர் பழையதாகிவிட்டது" என்று போன் செய்து சொல்ல இங்கே கஸ்டமர் கேர் கிடையாது.

என்ன வரிசையில் செய்ய வேண்டும்?

1. முதலில் போனின் பிளே ஸ்டோரில் ஜெல்லிஃபினுக்கு மட்டும் தானியங்கி அப்டேட்டை நிறுத்தி வைக்கலாம். சர்வர் தயாரானதும் மறுபடி இயக்கிக்கொள்ளலாம்.

2. சர்வரின் டாஷ்போர்டில் இப்போதைய பதிப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

3. சர்வரை நிறுத்திவிட்டு, ஜெல்லிஃபினின் தரவு ஃபோல்டரையும் அமைப்பு ஃபோல்டரையும் வேறு டிஸ்குக்கு நகலெடுங்கள். வீடியோக்களின் பிரதியும் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

4. மின்தடை இல்லாத நாளில் சர்வரை அப்டேட் செய்யுங்கள். முதல் முறை திறக்கும்போது பொறுமை தேவை. பாதியில் நிறுத்தக் கூடாது.

5. சர்வர் சரியாக ஓடுவது உறுதியான பிறகு போன் ஆப், டிவி ஆப் இரண்டையும் அப்டேட் செய்யுங்கள்.

6. வெளிநாட்டில் இருப்பவர்கள் பார்ப்பதற்காக ரவுட்டரில் போர்ட்டைத் திறந்து, சர்வரை இன்டர்நெட்டில் நேரடியாக விட வேண்டாம். டெயில்ஸ்கேல், வயர்கார்டு போன்ற விபிஎன் வழியே இணைப்பது பாதுகாப்பானது.

7. வாட்ஸ்அப்பில் 'புது அப்டேட்' என்று ஏபிகே வந்தால், அனுப்பியவர் தெரிந்தவராக இருந்தாலும் தொட வேண்டாம். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஜெல்லிஃபின் வைத்திருப்பது சட்டப்படி தவறில்லை. திருட்டுப் படங்களை அதில் ஏற்றுவதுதான் தவறு. தியேட்டரில் திருட்டுத்தனமாகப் படம் பிடிப்பவர்களுக்கு 2023-ல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டப்படி 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை உண்டு.

யார் பொறுப்பு?

கடைசியில் இது குடும்பத்துக்குள் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். செட் பண்ணிக் கொடுத்தவர் வெளிநாட்டில், பெட்டி இருப்பது ஊரில். பாஸ்வேர்டு அவருக்கு மட்டும்தான் தெரியும் என்றால், ஒரு நாள் அந்தப் பெட்டி வெறும் பெட்டியாகிவிடும்.

பொங்கலுக்கோ கோயில் திருவிழாவுக்கோ ஊருக்கு வரும்போது இரண்டு மணி நேரம் ஒதுக்கி, பேக்கப் எடுத்து, அப்டேட் செய்து, என்ன செய்தோம் என்பதை ஒரு நோட்டில் தமிழில் எழுதி வைத்துவிட்டுப் போகலாம். பாஸ்வேர்டை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வைக்கலாம். அடுத்த முறை ஆப் திறக்கவில்லை என்றால், அப்பா சிங்கப்பூருக்குப் போன் போட வேண்டியதில்லை. அந்த நோட்டைப் பார்த்தாலே போதும்.